வேப்பிலை கட்டிய வீட்டில் பால்சுறா

எங்கள் தெருவாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்ததைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போதுதான் கண்டேன். போகும்போது அது இருக்கவில்லை. தூணுக்கு ஒரு கொத்தாக, சிவப்புத் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

மகள் வாசலிலேயே என்னை மறித்தாள்.

"அப்பா, பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கு. நீங்கள் அறைப்பக்கம் போகாதேங்கோ."

டாக்டர்கள் சின்னம்மை, கொப்பளிப்பான் என்று சொல்வதை நாங்கள் அம்மாள் என்கிறோம். அம்மாள் வந்த வீட்டுக்கு வெளியார் வரமாட்டார்கள். மீன், இறைச்சி இல்லை, தாளிப்பு இல்லை. தண்ணீர் வார்க்கும் நாள்வரை குளிப்பும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொன்று, அது ஒருமுறை வந்தவனுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது என்பது. எனக்குச் சிறுவயதிலேயே வந்து போய்விட்டது. மகளுக்கு இதுவரை வந்ததில்லை. வராதவள் அறைக்குள் போய்வருகிறாள், வந்தவன் வெளியே நிற்கவேண்டும் என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் சாக்கு எண்ணிச் சம்பளம் வாங்கினவன். கப்பலில் இருந்து எத்தனை இறங்குகிறது, லொறியில் எத்தனை ஏறுகிறது என்று பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து வைப்பேன். ஓய்வுபெற்ற பிறகு எண்ணுவதற்கு வீடுதான் மிச்சம். "அப்பா, முட்டையை எண்ணாதேங்கோ, கோழி வெக்கப்படப் போகுது" என்பாள் மகள். எண்ணிக்கை குறைந்தால் நான் அவ்வளவாகப் பதறுவதில்லை. சாக்குக் கிழியும், எலி தின்னும். கூடினால்தான் எனக்கு நித்திரை வராது. ஒரு இடத்தில் இருக்கக் கூடாத பொருள் அங்கே இருந்தால், அதை யாரோ ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பல பொருட்கள் கூடின.

வீட்டில் மூன்று பேர். நான், மகள், பதினேழு வயதுப் பேத்தி. மருமகன் கட்டாரில் வேலை. மகள் கந்தோரில் எழுதுவினைஞர். பேத்தி உயர்தரம் படிக்கிறாள், உயிரியல் பிரிவு. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. வேப்பிலை கட்டுவதற்கு முதல்நாள்தான் தாயும் மகளும் கண்டியில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். கலியாண வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் ஒரு கேக் துண்டாவது கொண்டுவருவார்கள்.

"கேக் எங்கை?" என்று கேட்டேன்.

"முடிஞ்சு போச்சு அப்பா."

"படம் ஒண்டும் எடுக்கேல்லையோ?"

"போனில சார்ஜ் இல்லை."

இரண்டு போன் கொண்டுபோனவர்கள். இரண்டிலும் சார்ஜ் இல்லையாம்.

அம்மாள் வந்த மறுநாள் குசினியில் அம்மி ஓடியது. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, வெள்ளுள்ளி. எங்கள் வீட்டில் மாதக்கணக்காகக் கிடக்கும் உள்ளி ஒரே நாளில் பாதியாகியிருந்தது. அது சாதாரணக் கறிக்கு அரைக்கிற மணம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறியின் மணம். என் மனைவி மகளைப் பெற்ற வீட்டில் நாற்பது வருடங்களுக்கு முன் அந்த மணம் சுவரிலேயே ஏறியிருந்தது. பிறகு மகள் பேத்தியைப் பெற்றபோது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பிள்ளை பெறவில்லை.

"இது என்ன மணம்?"

"எனக்குத் தடிமன். ரசம் வைக்கிறன்."

தும்மல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்தது என் பழைய வேட்டி. அலுமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தேன். காணவில்லை. இரண்டு நாள் கழித்து அது பின்கொடியில் நீட்டுவாக்கில் கிழிக்கப்பட்டு, தோய்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாள் வந்த வீட்டில் தோய்ப்பும் விலக்கு. நீளத் துணி எதற்கு என்று யோசித்தேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிறு தொங்காமல் இறுக்கிக் கட்டுவதற்குத்தான் எங்கள் ஆட்கள் அப்படிக் கிழிப்பார்கள். காலையில் குளியலறையில் இருந்து ஆவி வந்தது. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட அவிக்கும் பாவட்டை இலையின் மணம்.

வெள்ளிக்கிழமை மருமகன் வீடியோவில் வந்தார். "பிள்ளையைக் காட்டுங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்றார்.

"அம்மாள் வந்த முகத்தில போன் வெளிச்சம் படக் கூடாதாம்" என்றாள் மகள்.

"ஆர் சொன்னது?"

"கோயில் ஐயா."

அந்த ஐயரே போனில்தான் பஞ்சாங்கம் பார்க்கிறவர். கதிரையில் இருந்தபடி மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் வெளியே போட்டது மான்கள்தான். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் மாடுகளைப்போலத் திரியும். கடற்கரைப் பக்கம் படுத்து எழும்பி, விடியக் காலையில் ஒழுங்கைகளுக்குள் வந்து குப்பைப் பைகளைக் கிழிக்கும். மகள் குப்பைப் பையை எப்போதும் வாளிக்குள் வைத்து மூடுவாள். அன்று மூடவில்லையோ, மூடி விழுந்ததோ தெரியாது. நான் தேத்தண்ணீருடன் வெளியே வரும்போது, வேப்பிலை கட்டிய தூணுக்கு நேரே கீழே, பால்சுறாத் தோலும் தலைகளும் பரவிக் கிடந்தன. சுற்றிவர உள்ளித்தோல். தலைகளை எண்ணினேன். ஐந்து.

பால்சுறா என்பது குட்டிச் சுறா. அவித்து உதிர்த்து வறுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று கொடுப்பது.

நான் குனிவதற்கு முதல் முன்வீட்டுப் பெண்மணி தன் படலையைத் திறந்துவிட்டாள். அம்மன் கோவில் கஞ்சி வார்ப்பை நடத்துகிறவள். எங்கள் பிள்ளைக்கு அம்மாள் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து இளநீர் கொண்டுவரவா, வந்திருந்து பாட்டுப் படிக்கவா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள்.

"என்ன அண்ணை இது? மீன் தலை!"

"மான் எங்கையிருந்தோ இழுத்துக்கொண்டு வந்திருக்கு."

"மான் உங்கட பையைத்தானே கிழிச்சிருக்கு. இஞ்ச பாருங்கோ, உங்கட கரண்ட் பில்லும் கிடக்கு."

கிடந்தது. மகளின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மாள் வந்த வீட்டில சுறாவோ? பிள்ளையின்ர கண்ணைக் கெடுக்கப் போறியளோ? ஆர் திண்டது?"

நான் வாழ்க்கையில் பொய்க் கையெழுத்து வைத்ததில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் கண் என்னைவிட்டு எங்கள் வீட்டு யன்னலுக்குப் போனது. போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

"நீங்களோ!"

"எனக்குப் பத்தியச் சாப்பாடு இறங்கேல்லை. களவா வாங்கிக் களவாத் திண்டனான். மகளுக்கும் தெரியாது."

"அஞ்சு சுறாவோ அண்ணை?"

"பசி."

"இந்த வயசில பால்சுறா திண்டு என்ன செய்யப் போறியள்? ஆருக்குப் பால் குடுக்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கோவிலுக்கு வந்து மன்னிப்புக் கேளுங்கோ. இல்லாட்டி நான் ஐயாவிட்டச் சொல்லுவன்" என்றாள்.

போகிறேன் என்றேன். தோலையும் தலைகளையும் கூட்டி அள்ளிக்கொண்டு நேரே குசினிக்குப் போனேன். மகள் அங்கே நின்றாள். எல்லாவற்றையும் யன்னலால் கேட்டிருந்தாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"பிள்ளை எங்கை?" என்று கேட்டேன்.

"அறைக்குள்ள படுத்திருக்கிறாள்."

"நான் அவளைக் கேக்கேல்லை. அவள் பெத்த பிள்ளை எங்கை? சரக்கு அரைக்கிறாய், சுறா வறுக்கிறாய், இலை அவிச்சு வாக்கிறாய், என்ர வேட்டியைக் கிழிச்சு வயிறு கட்டியிருக்கிறாய். இதெல்லாம் ஆருக்குச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியாதோ? பிறந்ததை எங்கை குடுத்தனீ?"

அந்த வாரம் முழுவதும் நான் ஒரு குழந்தையின் அழுகுரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. கண்டியில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டியிருந்தேன். அதைவிட மோசமானதையும் நினைத்திருந்தேன்.

மகள் பலகைக்கட்டையில் இருந்துவிட்டாள். "பிள்ளை பிறக்கேல்லை அப்பா" என்றாள்.

"பொய்."

அப்போது அறைக்குள் இருந்து பேத்தியின் குரல் வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"பொய் இல்லை அம்மப்பா. நாலு மாசம். இல்லாமச் செய்தது. கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ, முன்வீட்டுக்குக் கேக்கும்."

எங்கே, யாரிடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டாலும் மகள் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள். பையன் யார் என்றும் தெரியாது. அவளுடைய வயதுதான், டியூசனில் பழக்கம், இப்போது போன் எடுப்பதில்லை. பேத்தி சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில காலம், எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போகும் பையன்கள் எல்லாரையும் நான் சந்தேகித்தேன். பேப்பர் போடுகிறவனைக்கூட.

மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "பிறக்காத பிள்ளைக்கு ஏன் பால்சுறா?"

"வேற என்ன குடுக்கிறது எண்டு எனக்குத் தெரியாது அப்பா. வயிறு வெறுமையான பொம்பிளைக்கு இதைத்தான் குடுக்கிறது. அம்மா எனக்கும் இதைத்தானே தந்தவ. ஆரிட்டயும் கேக்கவும் ஏலாது. ஒண்டும் குடுக்காமச் சும்மா கிடக்க விடுறதோ?"

அவளுக்குத் தெரிந்த ஒரே பராமரிப்பை அவள் மகளுக்குச் செய்திருக்கிறாள். அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே மறைப்பு வேப்பிலை. இரண்டும் ஒரு வீட்டில் ஒத்துப்போகாது என்பதை யோசிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

மகள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். ஒரு தகப்பனிடம் சொல்ல வேண்டிய கதை அல்ல அது. பிள்ளைக்கு நெஞ்சு கல்லுப்போலக் கட்டி நோகிறதாம். பால். குடிக்க யாரும் இல்லாத பால். நேற்றில் இருந்து சுறாவை நிறுத்திவிட்டாளாம். காய்ச்சலும் கொஞ்சம் இருக்கிறதாம், பால் கட்டினால் அப்படித்தானாம், சரியாகிவிடுமாம்.

"கொஞ்சம்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மேசையில் காய்ச்சல் குளிசை அட்டைகள் இருந்தன. முதல்நாள் நான் பார்த்தபோது ஒரு அட்டை முழுதாக இருந்தது. இப்போது இரண்டு குளிசைதான் மிச்சம். மகள் கொடுத்தது காலையும் மாலையும். மற்றவற்றைப் பேத்தி தாய்க்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள். அப்படியென்றால் காய்ச்சல் கொஞ்சம் இல்லை.

அறைக்குள் போனேன். யாரும் மறிக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் ஒரு கொப்பளமும் இல்லை. தலைமாட்டில் உயிரியல் நோட்ஸ். நெற்றியில் கை வைத்தேன். பிறகு வெளியே வந்து, "ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"ஏலாது" என்றாள் மகள். "போனால் எங்கை செய்தனீங்கள், ஆர் செய்தது எண்டு கேப்பினம். பொலிசுக்கு எழுதுவினம். சட்டம் உங்களுக்குத் தெரியாதோ? தாயின்ர உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும்தான் விடுவினம். இவளைக் கோட்டுக் கூண்டில ஏத்துவினம். என்ர வேலையும் போகும். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும், பிறகு இவள் எப்பிடிப் பள்ளிக்குப் போறது? எப்பிடிச் சோதினை எழுதுறது?"

மகள் சொன்ன ஒவ்வொன்றையும் நானும் நம்பினேன். ஆசுப்பத்திரியை நான் எப்போதும் நம்பியதில்லை. அங்கே கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கும். ஆனால் குளிசை அட்டையை அதைவிட நம்பினேன்.

"அம்மாள் வந்த பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போறதோ எண்டு முன்வீடு கேக்குமே அப்பா?"

உள்ளே இருந்து பேத்தி சொன்னாள்: "அம்மாள் வந்தது படலைக்கு அம்மா. எனக்குக் காய்ச்சல். எனக்கு உள்ளுக்கு என்னவோ சரியில்லை. நான் படிக்கிறது உயிரியல், எனக்குத் தெரியும். நீங்கள் கூட்டிக்கொண்டு போகாட்டி நான் நடந்து போறன்."

நடக்க அவளால் முடியாது. ஆனால் முயல்வாள் என்று தெரிந்தது.

எங்கள் சந்தி ஓட்டோக்காரர்கள் யாரையும் நான் பிடிக்கவில்லை. பிரதான வீதிவரை போய், கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை மறித்தேன். அவர் எங்கள் ஒழுங்கையைக் கண்டிருக்க மாட்டார். பேத்தியை ஏற்றியதும் கண்ணாடியில் பார்த்தார்.

"தங்கச்சிக்கு என்னவாம் வாப்பா?"

"காய்ச்சல்."

"டெங்குவாத்தான் இருக்கும். எங்கட பக்கம் வீட்டுக்கு ஒராள் படுக்கை. யோசிக்காதீங்க, ரெண்டு சேலைன் ஏத்தினாச் சரி."

மகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "ஓம், டெங்கு" என்றாள். ஏன் இந்த மனிதர் தானாகவே ஒரு வருத்தத்தைச் சொல்லித் தருகிறார் என்று நான் யோசித்துக்கொண்டே போனேன். பள்ளம் திட்டியில் எல்லாம் ஓட்டோவை மெல்ல விட்டார். அதையும் சந்தேகித்தேன்.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் பார்த்தார். மகள் ஓட்டோவிலேயே ஒரு கதை தயாரித்திருந்தாள்: பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. நானும் ஒரு கதை வைத்திருந்தேன், அதில் பிள்ளை மாடிப்படியில் விழுந்தது. எங்கள் வீட்டில் மாடி இல்லை. இரண்டையும் சொல்ல இடம் வரவில்லை. டாக்டர் பேத்தியின் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில இருங்கோ" என்றார்.

"நான் தாய்" என்றாள் மகள்.

"தெரியுது அம்மா. வெளியில இருங்கோ. நான் பிள்ளையோட கதைக்க வேணும்."

கதவைச் சாத்தினார். நாங்கள் இருந்த நீள வாங்குக்கு நேரெதிரே பொலிஸ் மேசை. கான்ஸ்டபிள் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்தது எனக்கு நினைவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன கேட்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள்? ஏன் எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை? கேட்காமல் விடுவது கேட்பதைவிட மோசம் என்று நினைத்தேன்.

கான்ஸ்டபிள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். எங்களை நோக்கித்தான் வந்தார். மகளின் நகம் என் தோலில் இறங்கியது.

"ஐயா," என்றார் சிங்கள வாடையடித்த தமிழில், "இந்தக் கதிரைக்கு ஆள் இருக்கா?"

"இல்லை."

அவர் எனக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, அதில் காலை நீட்டினார். மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னால் இருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. பேத்தியின் சிரிப்பு. மகள் என்னைப் பார்த்தாள். அந்த நிலையில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று இருவரும் நினைத்தோம். நினைத்தது சரிதான். இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள்: "சுறாக் கதையைச் சொன்னன். டாக்டருக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவவின்ர அம்மாவும் அப்பிடித்தான் செய்வாவாம்."

உள்ளே கிருமி தொற்றியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கரைச்சலாகியிருக்கும் என்று டாக்டர் மகளிடம் சொன்னார். மருந்து ஏற்றினார்கள், மிச்சமாய் இருந்ததைச் சுத்தம் செய்தார்கள், வாட்டில் தங்க வைத்தார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் பிழிய வேண்டாம், சூடு வைக்க வேண்டாம், இறுக்கமில்லாமல் தாங்கக்கூடிய உடுப்புப் போடட்டும், தானாக வற்றிவிடும் என்றார். யார் செய்தது என்று எங்களிடம் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. பொலிஸ் வரவில்லை. இன்றைக்கும் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றால் நான் எட்டிப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது நேர்ஸ் ஒருவர், கிளினிக் நாளில் கடைசி அறையில் மனக்கஷ்டங்களைக் கேட்கிற ஒரு அம்மா இருப்பார், விருப்பமென்றால் போய்க் கதைக்கலாம் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். பேத்தி போனாள். வாராவாரம் போனாள். மகளுக்கு அது பிடிக்கவே இல்லை.

"எங்களோட கதைக்காத என்ன கதையை அங்க போய்க் கதைக்கிறாய்?"

"கதைதான்."

"முன்பின் தெரியாத மனிசியோட என்ன கதை?" என்று நானும் கேட்டேன்.

"முன்பின் தெரியாதபடியால்தான் அம்மப்பா" என்றாள்.

பள்ளிக்கும் திரும்பினாள். அங்கே சிநேகிதிகள் இவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். "தழும்பு ஒண்டும் இல்லையேடி! அம்மாள் உனக்கு மேக்கப்பும் போட்டுவிட்டவவோ?" என்று ஒருத்தி கேட்டாளாம். இவள் "ஓம், எனக்கு மட்டும் ஸ்பெஷல்" என்றாளாம். அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் மகளும் ஆளுக்கொரு பக்கமாய் நின்று காதைக் கொடுத்தோம். அழுகிறாளா என்று.

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. மகள் ஏதாவது சாட்டு வைத்து அறைக்குள் எட்டிப் பார்ப்பாள். நான் பேத்தி போகும்போதும் வரும்போதும் படலையில் நிற்பேன், ஒழுங்கை முடிவில் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்க. இடப்பக்கம் டியூசன், வலப்பக்கம் கடற்கரை. சாப்பிட்டால் ஏன் இவ்வளவு சாப்பிடுகிறாள் என்று பார்த்தோம். சாப்பிடாவிட்டால் அதையும் பார்த்தோம். போன் மணியடித்தால் இரண்டு தலைகள் நிமிரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"நான் ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்" என்றாள் மகள்.

"என்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறதை ரெண்டு பேரும் நிப்பாட்டுவியளோ?"

"ஆர் பாத்தது?"

"இப்பவும் பாக்கிறியள். நான் அழுதால் செய்த பாவத்துக்கு அழுறாள் எண்டு நினைக்கிறியள். அழாட்டி இவளுக்கு நெஞ்சே இல்லையோ எண்டு நினைக்கிறியள். எனக்குச் சில நாள் கவலையாயிருக்கு, சில நாள் அந்தப் பையனில ஆத்திரமாயிருக்கு. கன நாள் நிம்மதியாயிருக்கு. நிம்மதியாயிருக்கு எண்டு சொல்ல இந்த வீட்டில எங்கை இடம்? அந்த அறையில இருக்கிற அம்மாவிட்டச் சொன்னன். அவ ஓம் எண்டா. அவ்வளவுதான். 'ஏன்' எண்டு கேக்கேல்லை."

மகள் எழும்பிக் குசினிக்குள் போனாள். உள்ளே ஏனத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. கனநேரம் ஒரே ஏனத்தைத் தேய்த்தாள்.

"நான் சோதினை எழுதிப்போட்டு எங்கையாவது கம்பசுக்குப் போவன்" என்றாள் பேத்தி என்னிடம். "அங்க ஆரும் படலையில நிக்கமாட்டினம். இப்பவே பழகுங்கோ."

"ஆபத்து ஒண்டு வந்தால்?"

"வந்தால் சொல்லுவன். அண்டைக்கும் நான்தானே சொன்னனான்."

அது உண்மை. ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்தது நானோ மகளோ அல்ல. ஆனால் உண்மை என்று தெரிந்துகொள்வது ஒன்று, கதிரையில் அசையாமல் இருப்பது வேறொன்று.

மருமகனுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். தாயும் மகளும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. இதை எழுதுவதற்கு முதல் பேத்தியிடம் கேட்டேன். பெயர் போட வேண்டாம், முன்வீட்டு மாமியை மட்டும் கொஞ்சம் நல்லவவாக எழுதுங்கள் என்றாள். முயன்றேன். அது சரிவரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் பின்னேரம் அவள் சைக்கிளை எடுத்தாள். "போட்டு வாறன் அம்மப்பா" என்றாள். நான் கையில் பேப்பரை வைத்துக்கொண்டு முன்விறாந்தையில் இருந்தேன். என் கதிரையைப் படலைக்கு முதுகு காட்டத் திருப்பிப் போட்டிருந்தேன். மகள் குசினி வாசல்வரை வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றாள். படலைக் கொளுவி விழுந்தது. சைக்கிள் ஒழுங்கை முடிவுவரை போன சத்தம் கேட்டது.

இடப்பக்கம் திரும்பினாளா, வலப்பக்கம் திரும்பினாளா என்று எனக்குத் தெரியாது.